அப்பா கட்டிய வீடு: சீர்படுத்துவதா, மாடி எடுப்பதா, இடித்துக் கட்டுவதா, விற்று ஃபிளாட் வாங்குவதா?

1980-களில் கட்டிய வீடு எதன் மொட்டை மாடிக்குப் போனாலும் மூலைக்கு மூலை கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் தலையெடுத்ததும் மேலே கட்டிக்கொள்வார்கள் என்று அந்த வீட்டு அப்பாக்கள் விட்டுவைத்த கம்பி. திருச்சி கே.கே. நகரில் எங்கள் அப்பா 1987-ல் கட்டிய வீட்டிலும் ஒன்பது தூண்களின் கம்பி அப்படித்தான் நின்றது. முப்பத்தைந்து வருடம் அம்மா அதில் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டார். கடைசியில் நாங்கள் மாடி எடுக்கலாம் என்று மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டியபோது, அவர் ஒரு கம்பியை இரண்டு விரலால் சுரண்டினார். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "இதை நம்பி மேல ஏத்தாதீங்கம்மா, முதல்ல கீழ என்ன இருக்குன்னு பாப்போம்" என்றார்.

அந்த "கீழ என்ன இருக்கு" என்பதைப் பார்க்கத் தொடங்கியபோதுதான், முன்னால் இருப்பது நாலு வழிகள் என்று புரிந்தது. இருக்கிற வீட்டையே சீர்படுத்தலாம். மேலே மாடி எடுக்கலாம். தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டலாம். விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போகலாம். எங்கள் வேலை முடிந்ததிலிருந்து உறவிலும் அலுவலகத்திலும் இதே கேள்வியோடு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி "எது சீப்?" என்பதாக இருக்கிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

யார் எங்கே படுப்பார்கள்? ஒரு தாளில் வீட்டில் இருக்கும் எல்லார் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் இன்றைய வயது, அதற்குப் பக்கத்தில் பத்து வருடம் கழித்து ஆகும் வயது. 68 வயது அம்மாவுக்கு 78 ஆகும். 6 வயதுப் பையனுக்கு 16 ஆகும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கேட்பான். இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்கும் பெரியவர் பாத்ரூம் போய்வர எத்தனை அடி நடக்க வேண்டும், எத்தனை வாசற்படியைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இந்த ஒன்றைத்தான். ஹால் எவ்வளவு பெரிது, கிச்சன் என்ன மாடல் என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

கட்டடத்தின் உடம்பு எப்படி? பழைய வீடுகள் இரண்டு வகை. தூண் இல்லாமல் 9 அங்குலச் சுவர்களே தளத்தைத் தாங்குவது ஒன்று; தூணும் பீமும் தாங்க, சுவர் வெறும் தடுப்பாக நிற்பது இன்னொன்று. உங்களுடையது எது என்று தெரியாமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

நாமே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சமையலறை, பாத்ரூம் தளத்தின் அடிப்பாகத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல காங்கிரீட் கணீரென்று சத்தம் தரும். உள்ளே கம்பி துருவேறிய இடம் பொத்தென்று கேட்கும். துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்த கம்பி காங்கிரீட்டை வெளியே தள்ளும், அதனால் உள்ளே இடைவெளி விழுந்திருக்கும். அப்படி நாலைந்து இடம் கேட்டால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். காங்கிரீட்டை உடைக்காமலே அதன் உறுதியைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, தேவைப்பட்டால் காங்கிரீட்டில் உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்க்கும் கோர் சோதனை என்று அவர்களிடம் வழிகள் இருக்கின்றன. தூண் ஓரமாகக் குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று அளக்கவும் சொல்லுங்கள். பழைய வரைபடத்தில் ஒன்று இருக்கும், மண்ணுக்குள் வேறொன்று இருக்கும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு 1:2:4 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி) தரையில் கொட்டிக் கையால்தான் கலந்தார்கள். 2000-ல் வந்த இந்தியத் தர விதி கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 (அதைவிட உறுதியான தரம்) என்று ஆக்கியது அதற்குப் பிறகுதான்.

பத்திரம் யார் பெயரில்? இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டே பலர் பத்து, இருபது லட்சத்தை அப்பா பெயரில் இருக்கும் மனையில் கொட்டிவிடுகிறார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் அவர் விரும்பியபடி உயிலோ, உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிடும் செட்டில்மென்ட் பத்திரமோ எழுதலாம். எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டால், இந்துக் குடும்பங்களில் அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சரிபங்கு. மேல்மாடியை நீங்கள் கடன் வாங்கிக் கட்டியிருந்தாலும் கணக்கு அதுதான். வங்கியும் நில உரிமையாளரைக் கடனில் சேர்க்கச் சொல்லும். கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் உரிமையில் பங்கு உள்ளவருக்கே. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் உட்கார்ந்து பேசி, எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் முதல் செங்கல். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை விற்பனைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு.

இவை தவிர இரண்டு: கொட்டேஷனில் வராத செலவு, வேலை நடக்கும் மாதங்களில் குடும்பம் எங்கே இருப்பது. இவற்றை ஒவ்வொரு வழியிலும் பார்த்துக்கொண்டே போகலாம்.

## 1. இருக்கிற வீட்டையே சீர்படுத்துவது

உடம்பு நன்றாக இருக்கிற வீட்டுக்கு முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். பழைய வீட்டில் அறைகள் போதாமல் இருப்பதைவிட, இருக்கும் அறைகள் தப்பான இடத்தில் இருப்பதே அதிகம். முன்பக்கம் யாரும் உட்காராத வரவேற்பறை, பின்பக்கம் இருட்டுச் சமையலறை, கொல்லையில் குளியலறை. வரவேற்பறையைப் பெரியவர்களின் படுக்கையறையாக்கி ஒட்டியே ஒரு பாத்ரூம் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பாத்ரூமில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய வீடுகளில் பாத்ரூம் கதவு இரண்டேகால் அடி, இரண்டரை அடி இருக்கும். சக்கர நாற்காலி போக மூன்றடி வேண்டும். உள்ளே அது திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசற்படி வேண்டாம், தரையைச் சரிவாக விட்டாலே தண்ணீர் வெளியே வராது. கோப்பைக்குப் பக்கத்தில் பிடிமானக் கம்பி. இன்று யாருக்கும் தேவையில்லை என்றாலும் இன்றே போட்டுவிடுங்கள்.

சமையலறை, ஹால் சுவரை எடுத்துத் திறந்தாற்போல ஆக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்து மேலே பரணோ தண்ணீர்த் தொட்டிச் சுவரோ இல்லையென்றால் எடுக்கலாம். தூண் இல்லாத வீட்டில் 9 அங்குலச் சுவரை எடுப்பது தளத்தின் காலையே எடுப்பது. முட்டுக் கொடுத்து, இரும்பு பீமோ காங்கிரீட் பீமோ போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். அதற்குப் பொறியாளரின் கணக்கு வேண்டும், மேஸ்திரியின் தைரியம் போதாது. நம் சமையலில் தாளிப்பும் வறுவலும் உண்டு என்பதால் முழுக்கத் திறப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இடுப்புயரச் சுவரும் மேலே நகர்த்தும் கண்ணாடியும் வைத்தால் அடுப்படியில் நிற்பவர் ஹாலில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், புகையும் உள்ளேயே நிற்கும்.

கொட்டேஷனில் வராதவை. சுவரைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். உள்பக்கம் துருவேறிக் குறுகிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வரும், எர்த் இல்லாத ஒயரிங் வரும். பாதியை மட்டும் மாற்றாதீர்கள். புதுக் குழாய் பழைய குழாயோடு சேரும் இடத்தில் இரண்டு வருடத்தில் கசியும். ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், வீட்டுக்கு மொத்தமாக 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சொன்ன தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைத்திருந்தால்தான் நடுவில் வேலை நிற்காது.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்று. மொசைக் தரையை உடைக்கும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. கதவுகளின் அடியை அறுத்தோம், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாடிப்படியின் முதல் படி ஏழு அங்குலத்திலிருந்து ஐந்தரை ஆகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. முப்பது வருடமாக அந்தப் படியில் கால் வைத்துப் பழகிய அம்மா, கூடை நிறையத் துணியோடு இறங்கும்போது கால் முன்னதாகவே தரையில் பட்டுத் தடுமாறினார். நல்லவேளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். படிகளை முழுக்க மறுபடி வார்க்க வேண்டியிருந்தது. மொசைக்கை பாலிஷ் போட்டே புதிதுபோல ஆக்கியிருக்கலாம்.

வரியிலும் ஒன்று கவனியுங்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு, குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ எடுத்த கடனின் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் எடுத்த கடன் என்றால் 30,000 ரூபாய்தான்.

யாருக்கு இது சரி? நாலைந்து பேர், தளமும் தூணும் நல்ல நிலையில், வீடு தெருமட்டத்துக்கு மேலே, பெரியவர்கள் அக்கம்பக்கத்தை விட்டுப் போக மனமில்லாதவர்கள். ஒரு பக்கம் வேலை நடக்க மறுபக்கம் குடியிருக்கலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த மாதங்களில் அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், குழாய்க்கும் ஒயருக்கும் சுவரில் காடி வெட்டும் தூசு சாதாரணமாக இருக்காது.

## 2. மேலே மாடி எடுப்பது

கல்யாணமான மகனும் பெற்றோரும் ஒரே வாசலில், ஆளுக்கொரு தளத்தில் இருக்கலாம் என்பது இதன் பெரிய பலம். நிலத்துக்குக் காசு இல்லை. பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கீழே பாட்டியிடம் இருப்பார்கள். இரண்டு சமையலறை வைப்பதைச் சண்டைக்கு அடையாளமாகப் பார்க்க வேண்டாம். எனக்குத் தெரிந்து நன்றாக இருக்கும் கூட்டுக் குடும்பங்களில் பலவற்றில் இரண்டு அடுப்பு இருக்கிறது.

எடைக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐந்து அங்குலத் தளம் 1,000 சதுர அடிக்குச் சுமார் 29 டன். பத்தடி உயர 9 அங்குலச் செங்கல் சுவர் ஓர் அடி நீளத்துக்கு 400 கிலோவுக்கு மேல். 160 அடி நீளச் சுவர் என்றால் 64 டன்னுக்குக் குறையாது. பூச்சு, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, ஆட்கள், பீரோக்கள் எல்லாம் அதற்கு மேலே. இத்தனையையும் கீழே இருக்கிற பழைய தூணும் அஸ்திவாரமும் தாங்க வேண்டும். ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமெண்ட் கல்) வைத்துக் கட்டினால் சுவரின் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எங்கள் பொறியாளர் குழி தோண்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது தூண்களில் முன்பக்கத்து ஆறின் மேல் மட்டும், பிளாக் சுவரோடு இரண்டு அறையும் ஒரு பாத்ரூமும் கட்டலாம் என்றார். முழு மாடி என்று ஆசைப்பட்டிருந்த அண்ணனுக்கு முதலில் வருத்தம்தான்.

நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பற்றி: அது 1980-களின் முறுக்குக் கம்பி. துருவை முழுக்கத் தேய்த்தெடுத்து மிச்சம் எவ்வளவு கனம் என்று அளந்த பிறகுதான் புதுக் கம்பியை இணைப்பார்கள். தேய்ந்துபோயிருந்தால் அறுத்துவிட்டு, தூணில் துளையிட்டு ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி நடலாம். மடக்கி வைத்த கம்பியை நிமிர்த்திவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிமிர்த்தும் இடத்திலேயே விரிசல் விடும். தூணே இல்லாத சுவர்த்தாங்கி வீடு என்றால், மேல்சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே வர வேண்டும் என்பது பாலபாடம்.

கொட்டேஷனில் வராதவை. மாடிப்படி. உள்ளே வைத்தால் ஒவ்வொரு தளத்திலும் 70, 80 சதுர அடி போகும். வெளியே வைத்தால் செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய இடம்) போகும், மழையில் நனைந்துகொண்டே ஏற வேண்டும். ஆனால் நாளை மேல்தளத்தை வாடகைக்கு விட வசதி. வேலை தொடங்கும்போது மொட்டை மாடியில் வெயிலுக்கும் மழைக்கும் பதித்திருக்கும் தட்டோட்டையும் சுண்ணாம்பு ஜல்லியையும் உடைத்து எடுத்துவிடுவார்கள், அதன் பிறகு கீழ்வீட்டுக்கு மழைப் பாதுகாப்பு இல்லை. தை பிறந்ததும் தொடங்கி ஐப்பசிக்கு முன் மேல்தளம் முடிகிற மாதிரி திட்டமிடுங்கள். மேல் பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலேயே வரட்டும். கசிவு வந்தாலும் குழாய் ஒரே வரிசையில் இருக்கும், பூஜை அறைக்கு மேலே கழிவறை என்ற மனக்குறையும் வராது. புது மாடிதான் இனி வெயிலை வாங்கும். கீழே குளுகுளுவென்று ஆகும், மேலே இருப்பவர்கள் சித்திரையில் வேகுவார்கள். தட்டோடும் மேற்குச் சுவருக்கு நிழலும் ஆடம்பரம் இல்லை.

அனுமதி விஷயத்தில், 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருக்கும் வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையை, அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். கீழ்வீடு பழைய வரைபடத்தை மீறிக் கட்டப்பட்டிருந்தால், அதை முதலில் ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது சரி? இரண்டு தலைமுறை, தாங்கக்கூடிய தூணும் அஸ்திவாரமும், பத்திரத்தில் தெளிவு. பெரியவர்களை மேலே அனுப்பிவிட்டுக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தோடு செய்வதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

## 3. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

தூண்களிலேயே கம்பி தெரிகிறது, தளம் பல இடங்களில் பொத்தென்கிறது, தெரு உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் சீர்படுத்தும் பணம் வீண். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் இரண்டு அடி தாழ்ந்துபோன வீடுகள் சென்னையில் நிறைய. அங்கே ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தாலும் தரை, குழாய், செப்டிக் இணைப்பு எல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

புதிதாகக் கட்டும்போது கிடைக்கும் சுதந்திரம் பெரிது. கீழே ஒரு படுக்கையறையும் பாத்ரூமும் கட்டாயம். மாடி உண்டு என்றால், ஐந்தடிக்கு ஐந்தடி அளவில் கீழே ஓர் அலமாரி அறை, அதற்கு நேர் மேலே இன்னோர் அலமாரி அறை என்று வைத்து, நடுத் தளத்தைப் பின்னால் எளிதாகத் திறக்கும்படி வார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து வருடம் கழித்து அங்கே வீட்டு லிஃப்ட் வைக்கலாம். தெருவுக்கு மேலே ஒன்றரை அடி பேஸ்மட்டம் என்றால், சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவுப் பாதைக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். காரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன்பே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். இரண்டு தள உயரத்துக்கு ஹால் வைப்பது படத்தில் அழகாக இருக்கும். நம் ஊர் வெயிலில் அதைக் குளிர்விப்பதும், மேலே ஒட்டடை அடிப்பதும், கீழே டிவி ஓடினால் மேலே பிள்ளை படிக்க முடியாததும் தினசரிப் பாடு. அந்த இடத்தில் சின்ன முற்றம் விட்டால் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும்.

கொட்டேஷனில் வராதவை. பழைய வீடு காம்பவுண்டு வரை நெருக்கிக் கட்டியதாக இருக்கும். இன்றைய 2019 கட்டட விதிப்படி செட்பேக் விட்டால், குறுகலான மனையில் கீழ்த்தளம் முன்பைவிடச் சின்னதாகிவிடும். கார் நிறுத்த இடத்தையும் விட்டுப் பார்த்தால், பெரியவர்களுக்குக் கீழே அறை வைக்கவே இடமில்லாமல் போகிற மனைகளும் உண்டு. இடிக்கும் முன் இதை வரைந்து பார்த்தே ஆக வேண்டும். பிறகு, ஒரு வருடத்துக்கு மேல் வாடகை, அட்வான்ஸ், இரண்டு முறை சாமான் மாற்றுவது, மண் பரிசோதனை, கிரகப்பிரவேசம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 1,800 சதுர அடிக்கு 45 லட்சம். அதில் காம்பவுண்டு சுவர், சம்ப், செப்டிக் டேங்க், கேட், மாடுலர் கிச்சன் எதுவும் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். வரவும் கொஞ்சம் உண்டு: பழைய தேக்கு நிலை, கதவு, ஜன்னல் கம்பிக்கு இடிப்பவர்கள் விலை கொடுப்பார்கள். நல்ல தேக்கை விற்காமல் புதுவீட்டு வாசலுக்கே வைத்துக்கொள்ளலாம். கிணறு இருந்தால் மூடிவிடாதீர்கள், மழைநீரை அதற்குள் விடுங்கள்.

எழுபதைத் தாண்டியவர்களை வாடகை வீட்டில் கொண்டுபோய் வைப்பது சாமான் மாற்றுவதுபோல இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகிய வீட்டிலிருந்து, சுவிட்ச் எங்கே என்றே தெரியாத வீட்டுக்குப் போகிறார்கள். என் தோழி வீட்டில் மாமனார் அந்த ஒரு வருடத்தில் பேச்சே குறைந்துபோனார். அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ வாடகை அதிகம் கொடுத்தாவது வீடு பார்த்தால், கோயில், பால்காரர், காலை நடைக்கூட்டம் எல்லாம் மாறாமல் இருக்கும்.

சென்னை போன்ற இடங்களில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை வைத்திருப்பவரிடம் பில்டர்கள் ஜே.வி. பேசுவார்கள்: மனை உங்களுடையது, கட்டுவது அவர், ஃபிளாட்டுகளைப் பங்கிட்டுக்கொள்வது. கையில் பணமில்லாதவருக்கு நல்ல வழிதான். முடியும்வரை வாடகையை யார் தருவது, தாமதமானால் என்ன, உங்கள் சார்பில் கையெழுத்துப் போட பில்டருக்கு எழுதித் தரும் பவர் பத்திரத்தில் எதற்கு மட்டும் அதிகாரம் என்பதை உங்கள் வழக்கறிஞர் எழுதட்டும், அவருடைய வழக்கறிஞர் வேண்டாம்.

யாருக்கு இது சரி? உடம்பே போய்விட்ட வீடு, தாழ்ந்துபோன வீடு, அகலமான மனை, ஒன்றரை வருடம் பொறுக்கக்கூடிய குடும்பம்.

## 4. விற்றுவிட்டு ஃபிளாட் வாங்குவது

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். லிஃப்ட், காவலாளி, மோட்டார் ரிப்பேரானால் பார்த்துக்கொள்ள ஆள், கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீடு. வீடு முழுக்க ஒரே மட்டத்தில் இருப்பதே முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய வரம்.

1,400 சதுர அடி என்று விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், தாழ்வாரம் எல்லாம் சேர்ந்த கணக்கு. நீங்கள் புழங்கும் இடம் கார்பெட் ஏரியா மட்டுமே. 2016-ன் ரெரா சட்டப்படி (வீடு வாங்குபவரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்) பில்டர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதே சட்டத்தில், வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. பராமரிப்பு சதுர அடிக்கு 3 ரூபாய் என்றாலும் 1,400-க்கு மாதம் 4,200. கோடையில் தண்ணீர் லாரி வந்தால் அது தனி. கட்டி முடியாத ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5% ஜிஎஸ்டி, கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கியதற்கு இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விலையோடு சேரும்.

பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன்பு கைக்கு வந்த வீடு என்றால், பணவீக்கச் சரிக்கட்டு (வாங்கிய விலையை இன்றைய மதிப்புக்கு உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%, அல்லது சரிக்கட்டோடு 20%, எது குறைவோ அதைக் கட்டலாம். லாபத்தை வேறு குடியிருப்பில் போட்டால் விலக்கு: விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்ட வேண்டும். தேதியைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும், முன்கூட்டியே ஆடிட்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் வளர வளர அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் காங்கிரீட்டாகவே ஊற்றும் மைவான் கட்டடங்களில் ஒரு சுவரைக்கூட எடுக்க முடியாது. வடகம் காயப்போட மாடி இல்லை, பாத்திரம் துலக்கக் கொல்லை இல்லை. துணி காயவைக்கும் பால்கனி எந்தத் திசையில், எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | சீர்படுத்துவது | மாடி எடுப்பது | இடித்துக் கட்டுவது | விற்று ஃபிளாட் |
|---|---|---|---|---|
| கட்டடம் எப்படி இருக்க வேண்டும் | தளமும் தூணும் நல்ல நிலை | அஸ்திவாரமும் தாங்க வேண்டும் | எந்த நிலையானாலும் சரி | மனையின் மதிப்பே முக்கியம் |
| பெரியவர்களுக்கு | பழகிய வீடு, பாத்ரூம் மாற்றினால் போதும் | கீழ்த்தளம் அவர்களுக்கே என்றால் நல்லது | முடிந்த பின் நல்லது, நடுவில் சிரமம் | லிஃப்ட், ஒரே மட்டம். புது ஊர், புது முகங்கள் |
| வளரும் பிள்ளைகளுக்கு | அறைகள் குறைவு | தாராளம் | விருப்பப்படி | வாங்கியதுதான் அளவு |
| பத்திரச் சிக்கல் | குறைவு | மிக அதிகம் | அதிகம் | விற்கும்போது எல்லாரும் கையெழுத்து |
| வேலையின்போது குடியிருக்க | பகுதி பகுதியாக முடியும் | தூசும் சத்தமும் தாங்கினால் முடியும் | முடியாது | தேவையில்லை |
| எதிர்பாராத செலவு | குழாய், ஒயரிங் | படி, மழை, வெயில் காப்பு | வாடகை, செட்பேக்கில் போகும் இடம் | வரி, பதிவு, மாதப் பராமரிப்பு |

நாங்கள் முதலிரண்டையும் கலந்து செய்தோம். கீழே அம்மாவுக்கு முன்னறையும் புதுப் பாத்ரூமும், மேலே ஆறு தூண் மேல் அண்ணன் குடும்பத்துக்கு இரண்டு அறை. பட்டியலில் பார்த்தால் நாங்கள் செய்ததுதான் எல்லாருக்கும் சரி என்று சொல்ல முடியாது. எங்கள் அஸ்திவாரம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

எந்த வழியில் போனாலும், வரைபடம் கைக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவில் கோடு போட்டு, கட்டில், அலமாரி, கதவு எல்லாவற்றையும் வரைந்துவிட்டு வீட்டுப் பெரியவர்களை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். எங்கள் பொறியாளரின் வரைபடத்தை நானும் அண்ணனும் பத்து முறை பார்த்திருப்போம், குறையே தெரியவில்லை. அம்மா சாக்பீஸ் பாத்ரூமுக்குள் போய் நின்றார், இல்லாத கோப்பையில் உட்காருவதுபோலக் கொஞ்சம் குனிந்தார், எழ முயன்றபோது கையை இடப்பக்கம் நீட்டினார். அங்கே நாங்கள் கதவு வைத்திருந்தோம்.

"எனக்கு வலது முட்டிதானேடி வலி, இந்தப் பக்கம்தான் பிடிக்க ஏதாவது வேணும்" என்றார். அன்று சாயங்காலமே கதவு எதிர்ச்சுவருக்கு மாறியது.